பள்ளி வாரியத் தேர்தலும் வாக்காளர் பதிவும் (அமெரிக்கா)

பள்ளி வாரியம் என்பது அமெரிக்காவில் ஒரு பள்ளி மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளை ஆளும் உள்ளூர் அமைப்பு. பெரும்பாலான இடங்களில் அதன் உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கல்விக் கண்காணிப்பாளரை அமர்த்துவதும் வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவதும் அதன் வேலை. பல மாநிலங்களில் பள்ளிக்கான சொத்து வரியிலும் அதற்குப் பங்குண்டு. இன்று அங்கே சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி இந்தியாவில் அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தக் குழு ஒரு பள்ளிக்கு உரியது, பெற்றோரே அதில் பெரும்பான்மை. வாரியமோ பள்ளி மாவட்டம் முழுவதற்கும் உரியது. இத்தனை அதிகாரமுள்ள அமைப்பின் தேர்தலுக்குப் பத்தில் ஒருவர்கூட வராத ஊர்கள் உண்டு. மக்களுக்கு அக்கறையில்லை என்று சொல்லி இதைக் கடந்துவிடுவது வழக்கம். வரலாற்றைப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்கவில்லை. வாக்காளர் பட்டியலும் தேர்தல் தேதியும் ஓட்டுப் போடுவோர் கூட்டத்தைச் சிறிதாக்கின. பல நேரங்களில் தெரிந்தேதான் அப்படிச் செய்யப்பட்டது.

இதன் வேர் மாசசூசெட்ஸில் இருக்கிறது. ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர் ஒவ்வொன்றும் ஓர் ஆசிரியரை வைக்க வேண்டும் என்று 1647இல் அங்கே சட்டம் வந்தது. தொடக்கத்தில் ஊர்க்கூட்டமே பள்ளி விவகாரங்களையும் கவனித்தது. பள்ளிக் குழுவை ஊர்தோறும் தனியாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னது 1826ஆம் ஆண்டுச் சட்டம். குழந்தைகளின் படிப்பு வீட்டுக் காரியத்தின் நீட்சி என்ற எண்ணத்தால், வேறெங்கும் ஓட்டில்லாத பெண்களுக்கு இந்தத் தேர்தலில் மட்டும் கதவு சற்றுத் திறந்தது. கென்டக்கி 1838இல் கிராமப்புற விதவைகள் போன்ற சிலருக்கு அதைத் தந்தது. கான்சஸ் 1861இல் மாநிலமானபோதே பெண்களுக்குப் பள்ளித் தேர்தல் வாக்குரிமை இருந்தது. மாசசூசெட்ஸ் 1879இல் தந்தது, ஆனால் வரி கட்டித் தாமே போய்ப் பெயரைப் பதிய வேண்டும் என்ற நிபந்தனையோடு. அங்குள்ள கான்கார்டு ஊரில் முதலில் பெயர் பதிந்த பெண், எழுத்தாளர் லூயிசா மே ஆல்காட். அடுத்த ஆண்டு ஊர்க்கூட்டத்தில் ஓட்டுப் போட்ட பெண்கள் இருபது பேர். உரிமை எல்லோருக்கும் வந்தது, பட்டியலில் ஏறியவர்கள் சிலரே என்ற இந்தக் கணக்கு பின்னாலும் திரும்பத் திரும்ப வருகிறது.

பதிவு இயக்கம் என்றாலே முற்போக்கு என்று நினைப்பவர்கள் 1888ஆம் ஆண்டு பாஸ்டனைப் பார்க்க வேண்டும். கத்தோலிக்கர்களின் ஆட்சேபத்தால் ஒரு வரலாற்றுப் பாடநூல் நீக்கப்பட்டது. கொதித்தெழுந்த புராட்டஸ்டண்டுப் பெண்கள் சுமார் 20,000 பேர் பெயர் பதிந்து கத்தோலிக்க வேட்பாளர்களைத் தோற்கடித்தார்கள். மதச் சண்டைதான் அது, சந்தேகமில்லை. ஆனால், பள்ளித் தேர்தல் பெண்களுக்குப் பொருட்டில்லை என்ற பேச்சு அந்த ஆண்டோடு பொய்த்துப்போனது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சீர்திருத்தக்காரர்கள் நகர அரசியலின் ஊழலைக் காட்டி, வட்டம்வாரியாகத் தேர்ந்தெடுத்த பெரிய வாரியங்களைக் கலைத்து, ஊர் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் சிறிய வாரியங்களை அமைத்தார்கள். வாக்குச்சீட்டிலிருந்து கட்சிப் பெயர் போயிற்று. பல இடங்களில் தேர்தலே பொதுத் தேர்தல் நாளிலிருந்து விலகி, மார்ச், ஏப்ரல், மே என்று தனித் தேதிக்குப் போனது. ஊழல் இருந்தது உண்மை. அதோடு சேர்ந்து, குடியேறித் தொழிற்சாலைகளில் உழைத்தவர்களின் வட்டங்களும் குரலிழந்தன. வாரியத்தில் வணிகர்களும் வழக்கறிஞர்களும் நிறைந்தார்கள். இதற்கிடையே சிறு மாவட்டங்களை இணைக்கும் வேலையும் நடந்தது. 1939-40இல் 1,17,000க்கு மேல் இருந்த மாவட்டங்கள்தான் இன்றைய எண்ணிக்கைக்குச் சுருங்கின.

தென்மாநிலங்களில் வாக்காளர் பட்டியலே ஆயுதமாக இருந்தது. தலை வரி கட்டிய ரசீது இல்லாதவருக்கு அங்கே ஓட்டில்லாமல் போனது. கறுப்பின மக்களும் ஏழை வெள்ளையரும் அப்படித்தான் வெளியே நிறுத்தப்பட்டார்கள். ஆர்க்கன்சாவின் லிட்டில் ராக்கில் கறுப்பின மாணவர்களும் வெள்ளை மாணவர்களும் சேர்ந்து படிப்பதைத் தடுக்க 1958இல் ஆளுநர் உயர்நிலைப் பள்ளிகளையே மூடினார். 1959 மே மாதம் வாரியத்தின் இனப்பிரிவினை உறுப்பினர்கள் மூவர் 44 ஆசிரியர்களையும் பணியாளர்களையும் நீக்க முயன்றார்கள். பள்ளிகளைத் திறக்கக் கோரி ஏற்கெனவே திரண்டிருந்த பெண்கள் அமைப்பு, வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடுவீடாக ஆள் சேர்த்தது. அதே மாதம் நடந்த திரும்பப் பெறும் தேர்தலில் மூவரும் பதவியிழந்தார்கள். டெக்சாஸ் தலை வரி போன பிறகும் ஆண்டுதோறும் புதிதாகப் பதியச் சொன்னது. ஜனவரி முடிந்தால் அந்த ஆண்டு போயிற்று. அங்கே கிரிஸ்டல் சிட்டியில், மெக்சிகோ வம்சாவளியினர் பெரும்பான்மையாக இருந்தும் பள்ளியில் ஒதுக்கப்பட்டார்கள். 1969 டிசம்பரில் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். அந்த வேகத்தில் பெற்றோரின் பெயர்கள் பட்டியலில் ஏறின. 1970 ஏப்ரலில் நடந்த பள்ளி வாரியத் தேர்தலில் அவர்களின் ராசா உனிடா கட்சி வென்றது. அக்கட்சியின் ஹோசே ஆங்கெல் குத்தியர்ரெஸ் வாரியத் தலைவரானார். முந்தைய ஆண்டு அக்கறையற்றவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள்தான் ஓட்டுப் போட்டவர்கள்.

பிள்ளை இல்லாதவனுக்குப் பள்ளித் தேர்தலில் என்ன வேலை என்பது பழைய ஆட்சேபம். நியூயார்க் மாநிலம் அதைச் சட்டமாகவே வைத்திருந்தது: சில மாவட்டங்களில் சொத்துள்ளவரோ, சொத்தைக் குத்தகைக்கு எடுத்தவரோ, பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோரோதான் ஓட்டுப் போடலாம். பெற்றோர் வீட்டில் குடியிருந்த மணமாகாத பங்குத் தரகர் ஒருவர் வழக்குப் போட, உச்ச நீதிமன்றம் 1969இல் அந்தத் தடையை நீக்கியது. நியாயமான தீர்ப்பு. பள்ளி வரியின் சுமை வாடகை வழியாகவும் விலைவாசி வழியாகவும் எல்லோர் தலையிலும் விழுகிறது. பள்ளி உருவாக்கும் குடிமக்களோடு வாழப்போவதும் எல்லோரும்தான்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்றுண்டு. தனித் தேதியில் வருகிறவர்கள் குறைவானாலும் விவரம் தெரிந்தவர்கள்; அதிபர் தேர்தலோடு சேர்த்தால் வேட்பாளரின் பெயர்கூடத் தெரியாமல் ஓட்டுப் போடுவார்கள் என்பது அது. பாதி உண்மை. நீண்ட வாக்குச்சீட்டின் அடியில் உள்ள இடங்களைப் பலர் வெறுமையாக விடுகிறார்கள், கட்சிப் பெயரும் இல்லாததால் தடுமாறுகிறார்கள். ஆனால் தனித் தேதியில் வருகிறவர்களை விவரம் தெரிந்தவர்கள் என்பதைவிட ஆதாயம் உள்ளவர்கள் என்பது பொருந்தும். ஆசிரியர் சங்கம் போன்ற திரண்ட அமைப்புகளின் செல்வாக்கு அத்தகைய தனித் தேதிகளில் கூடுவதை அரசியல் அறிஞர் சாரா அன்சியா ஆராய்ந்து 2014இல் நூலாகவே எழுதியிருக்கிறார். விவரமும் எங்கிருந்தோ தானாக வருவதில்லை. 1920இல் தோன்றிய பெண் வாக்காளர் கழகம் வேட்பாளர்களிடம் கேள்வி கேட்டுப் பதில்களை அச்சிட்டுக் கொடுப்பது இதற்காகத்தான். பென்சில்வேனியாவின் டோவரில் பரிணாமக் கொள்கைக்கு மாற்றாகப் படைப்புவாதச் சாயல் கொண்ட கருத்தை வாரியம் உயிரியல் வகுப்பில் நுழைத்தபோது, விவகாரம் ஊரெங்கும் பேசப்பட்டது. 2005 நவம்பரில் போட்டியிட்ட பதவியிலிருந்த எட்டுப் பேரும் தோற்றார்கள். நீதிமன்றத் தீர்ப்பு அடுத்த மாதம்தான் வந்தது.

தேதியைப் போலவே பதிவும் இன்றுவரை ஒரு தடைதான். இந்தியாவில் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க அலுவலர் வீட்டுக்கு வருகிறார். அமெரிக்காவில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் குடிமகன் தலையில். வடக்கு டகோட்டா மட்டுமே பதிவு கேட்காத மாநிலம். ஓட்டுநர் உரிம அலுவலகத்திலேயே பெயர் பதிய 1993ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. ஆனாலும் வீடு மாறிய வாடகைக்காரர் மறுபடி பதிய வேண்டும், பல மாநிலங்களில் கெடு வாக்குப்பதிவுக்குப் பல நாள் முன்பே முடிகிறது. பள்ளித் தேர்தலைப் பற்றிய பேச்சு தொடங்குவதோ அதற்குப் பிறகுதான். உள்ளூர்த் தேர்தலில் வாக்குப்பதிவு மிகக் குறைந்தால் அதை மாநிலத் தேர்தல் நாளோடு சேர்க்க வேண்டும் என்று கலிபோர்னியா 2015இல் சட்டமியற்றியது. அதே மாநிலத்தின் பெர்க்லி நகரம் 16 வயதினருக்குப் பள்ளி வாரிய வாக்குரிமை தர 2016இலேயே ஒப்புக்கொண்டது. பதிவுக்கான ஏற்பாடுகள் முடிந்து அவர்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டது 2024 நவம்பரில்.