அடைப்பான் நோய்

அடைப்பான் அல்லது ஆந்த்ராக்ஸ் என்பது பாசில்லஸ் ஆந்த்ராசிஸ் என்னும் பாக்டீரியாவால் ஏற்படும் கொடிய தொற்றுநோய் ஆகும். இது முதன்மையாக மாடு, எருமை, செம்மறியாடு, வெள்ளாடு முதலிய தாவர உண்ணிகளைத் தாக்குகிறது. யானை, மான், காட்டுப்பன்றி போன்ற காட்டு விலங்குகளும், அரிதாக நாய், பூனை போன்ற வளர்ப்பு விலங்குகளும் இதற்கு உள்ளாகின்றன. நோயுற்ற விலங்கின் இரத்தம், இறைச்சி, தோல், உரோமம் ஆகியவற்றின் வழியாக மனிதருக்கும் இந்நோய் தொற்றும். நோய்க்கிருமியின் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் அழியாமல் கிடக்கக்கூடியவை. ஆகவே, இறந்த விலங்கின் உடலை அறுக்கும் முன்னரே நோயைக் கண்டறிவது மிக இன்றியமையாததாகும்.

பெயர்

ஆந்த்ராக்ஸ் என்பது நிலக்கரியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. மனிதத் தோலில் இந்நோய் உண்டாக்கும் புண்ணின் நடுவில் கரிய பொருக்கு தோன்றுவதே இப்பெயருக்குக் காரணமாகும். தமிழில் இது அடைப்பான் எனப்படுகிறது. தொண்டை அடைப்பான் என்பது பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்னும் வேறொரு பாக்டீரியாவால் வரும் தனி நோயாகும். பெயர் ஒற்றுமையால் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுதல் கூடாது. இவற்றின் தடுப்பூசிகளும் வேறு வேறானவை.

நோய்க்காரணி

பாசில்லஸ் ஆந்த்ராசிஸ், கிராம் சாயம் ஏற்கும், கோல் வடிவமுடைய, நகராத பாக்டீரியா ஆகும். இதன் நோயுண்டாக்கும் திறன் இரு பிளாஸ்மிட்களில் அடங்கியுள்ளது. பி.எக்ஸ்.ஓ. 1 என்பது நச்சுப் புரதங்களுக்கான மரபணுக்களைக் கொண்டது. பி.எக்ஸ்.ஓ. 2 என்பது உயிரணுவைச் சுற்றி அமையும் உறைக்கான மரபணுக்களைக் கொண்டது. இவ்வுறை, விலங்கின் வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்காதபடி காக்கிறது. இவ்விரு பிளாஸ்மிட்களில் ஒன்றை இழந்தாலும் கிருமியின் வீரியம் பெரிதும் குன்றிவிடும்.

விலங்கின் உடலுக்குள் கிருமி வித்தாக மாறுவதில்லை. இரத்தம் வெளியேறிக் காற்றிலுள்ள ஆக்சிஜன் படும்போதே வித்துகள் உருவாகின்றன. இறந்த விலங்கின் உடல் அறுக்கப்படாமல் இருந்தால், உள்ளே பெருகும் அழுகல் பாக்டீரியாக்கள் அடைப்பான் கிருமியைச் சில நாட்களில் அழித்துவிடுகின்றன. உடலை அறுத்தால் இந்த இயற்கைப் பாதுகாப்பு நீங்கி, கோடிக்கணக்கான வித்துகள் நிலத்தில் கலக்கின்றன. இறந்த விலங்கை அறுக்கக்கூடாது என்ற விதியின் அறிவியல் அடிப்படை இதுவேயாகும்.

கரிசல் மண்ணும் வித்துகளும்

நடுநிலை அல்லது காரத்தன்மையும், சுண்ணாம்புச் சத்தும், மட்கும் மிகுந்த மண்ணில் அடைப்பான் வித்துகள் நெடுங்காலம் நிலைக்கின்றன. கடும் வறட்சியைத் தொடர்ந்து பெய்யும் மழை நோய் தோன்றுவதற்கு ஏற்ற சூழலாகும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த மானாவாரிக் கரிசல் நிலம் இவ்வியல்புகள் பலவற்றைக் கொண்டது. இங்குள்ள மண் பொதுவாகக் காரத்தன்மை உடையது. சுண்ணாம்புக் கட்டிகள் கலந்தது. கோடையில் ஆழமாக வெடித்து, வடகிழக்குப் பருவமழையில் உப்பி மூடிக்கொள்வது.

கோடையில் புல் குறையும்போது ஆடுகள் தரையோடு ஒட்டி மேய்கின்றன. அப்போது மண்ணும் உடன் வயிற்றுக்குள் செல்கிறது. முள்ளும் காய்ந்த தாளும் வாயில் ஏற்படுத்தும் சிறு காயங்கள் வித்துகள் உட்புக வழி செய்கின்றன. மழைநீர் வித்துகளை அடித்துச் சென்று ஓடைக்கரை, கண்மாய் உள்வாய் போன்ற தாழ்வான இடங்களில் சேர்க்கிறது. நீர் வற்றியபின் முதலில் பச்சை பிடிக்கும் இடங்களும் இவையே. கிணறு, குளம் முதலியவற்றைத் தோண்டும்போது பழைய புதைகுழிகள் கிளறப்படுவதும் நோய்க்குக் காரணமாகலாம்.

இப்பகுதி வேம்பூர் (பொட்டு ஆடு) செம்மறியினத்திற்கும், கன்னி, கொடி ஆகிய வெள்ளாட்டினங்களுக்கும் பெயர் பெற்றது. அறுவடை முடிந்த புஞ்சைகளில் உரத்திற்காக ஆட்டுக்கிடை அமர்த்தும் வழக்கமும் இங்கு உண்டு. கிடை நாள்தோறும் இடம் மாறுவதால், ஓர் ஆடு இறந்த இடத்தைக் குறித்து வைக்காவிடில், பிற்காலத்தில் அவ்விடத்தை அறிய இயலாது போகும்.

விலங்குகளில் அறிகுறிகள்

மாடுகளிலும் ஆடுகளிலும் பெரும்பாலும் முன்னறிகுறி ஏதுமின்றித் திடீர் இறப்பே நிகழ்கிறது. முந்தைய மாலை நன்றாக மேய்ந்த விலங்கு மறுநாள் காலை இறந்து கிடக்கும். சில மணி நேரம் உயிருடன் இருப்பவற்றில் 41 முதல் 42 பாகை செல்சியஸ் வரையிலான காய்ச்சல், மூச்சுத் திணறல், நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு ஆகியவை காணப்படும். இறந்தபின் வயிறு விரைவாக உப்பும். உடல் முழுமையாக விறைக்காது. மூக்கு, வாய், ஆசனவாய் முதலியவற்றிலிருந்து தார் போன்ற கரிய, உறையாத இரத்தம் வடியலாம். எனினும், எல்லா விலங்குகளிலும் இவ்வாறு இரத்தம் வடிவதில்லை. ஆகவே இரத்தம் வடியவில்லை என்பதைக் கொண்டு அடைப்பான் இல்லை என முடிவு செய்யக்கூடாது.

நாய், பன்றி ஆகியவை ஓரளவு எதிர்ப்புத் திறன் உடையவை. நோயுற்ற இறைச்சியைத் தின்ற நாய்களில் தொண்டையும் கழுத்தும் வீங்குவது உண்டு. காட்டு விலங்குகளில், 2021 சூலையில் கோயம்புத்தூர் மாவட்டம் ஆனைகட்டிப் பகுதியில் ஒரு காட்டு யானையும், 2022 சூனில் கேரளத்தின் அதிரப்பள்ளிப் பகுதியில் காட்டுப்பன்றிகளும் இந்நோயால் இறந்தன. காட்டோரங்களில் கால்நடைகளும் காட்டு விலங்குகளும் ஒரே மேய்ச்சல் நிலத்தைப் பயன்படுத்துவதால், ஒன்றில் தோன்றும் நோயை மற்றொன்றிலும் கண்காணிக்க வேண்டியுள்ளது.

நோயைக் கண்டறிதல்

மாதிரி எடுத்தல்

அடைப்பான் ஐயமுள்ள விலங்கிற்குப் பிணக்கூறாய்வு செய்யப்படுவதில்லை. கையுறை அணிந்து, காது நரம்பிலிருந்து ஓரிரு துளி இரத்தம் மட்டும் எடுக்கப்படுகிறது. கண்ணாடி வில்லைகளில் மெல்லிய பூச்சு செய்து உலர்த்துவர். வளர்ப்புச் சோதனைக்காகப் பஞ்சுக்குச்சியிலும் சிறிது இரத்தம் எடுக்கப்படும். ஊசி குத்திய இடம் கிருமிநாசினி தோய்ந்த பஞ்சால் அடைக்கப்படும். உடல் அழுகத் தொடங்கிய பின் இரத்தத்தில் கிருமியைக் காண்பது கடினமாகிவிடும் என்பதால், மாதிரியை விரைவாக எடுக்க வேண்டும்.

நுண்ணோக்கிச் சோதனை

இரத்தப் பூச்சைப் பலநிற மெத்திலீன் நீலச் சாயத்தால் நிறமேற்றிப் பார்ப்பதே மிகப் பழைமையானதும் விரைவானதுமான முறையாகும். கிருமிகள் நுனி சதுரமான நீலக் கோல்களாகக் குறுஞ்சங்கிலிகளில் தெரியும். அவற்றைச் சுற்றி உறை இளஞ்சிவப்பாகக் காணப்படும். இதனை 1903இல் ஜான் மக்ஃபேடியன் விளக்கினார். இது அவர் பெயராலேயே மக்ஃபேடியன் வினை எனப்படுகிறது. இச்சாயம் காற்றுப்பட்டு மெல்ல முதிர வேண்டும். இதற்கு ஓராண்டு வரை ஆகலாம். முதிராத சாயத்தில் உறை சரிவரத் தெரியாததால் நோய் இல்லை எனத் தவறாக முடிவு செய்ய நேரிடும்.

வளர்ப்புச் சோதனை

இரத்த ஏகார் ஊடகத்தில் ஓரிரவு வளர்த்தால், தேய்த்த கண்ணாடி போன்ற தோற்றமுடைய, சுருள்முடி போன்ற விளிம்புள்ள குடியிருப்புகள் தோன்றும். இவை இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பதில்லை. பெனிசிலினுக்கு அடங்குவதும், காமா என்னும் பாக்டீரியா உண்ணி வைரசால் சிதைவதும் இக்கிருமியை, இதன் நெருங்கிய உறவான பாசில்லஸ் சீரியசிடமிருந்து பிரித்தறிய உதவுகின்றன. வித்துகளின் ஆபத்துக் கருதி, உரிய பாதுகாப்பு வசதியுள்ள ஆய்வகங்களில் மட்டுமே இச்சோதனை செய்யப்பட வேண்டும்.

பாலிமரேஸ் தொடர்வினை

இம்முறையில் இரு பிளாஸ்மிட்களின் மரபணுக்களும், குரோமோசோமில் உள்ள ஓர் அடையாளமும் தேடப்படுகின்றன. மூன்றும் இருந்தால் அது வீரியமுள்ள கிருமியாகும். பி.எக்ஸ்.ஓ. 2 மட்டும் இல்லாவிடில் அது தடுப்பூசி வகையாக இருக்கக்கூடும். அண்மையில் தடுப்பூசி போடப்பட்ட மந்தையில் இறப்பு நேர்ந்தால் இவ்வேறுபாடு முக்கியமானது. டி.என்.ஏ. வேறுபாடுகளை ஒப்பிட்டு, ஒரு நோய்ப்பரவல் எந்தக் கிளையைச் சேர்ந்தது என்பதையும் அறிய முடிகிறது.

மண், தோல் ஆகியவற்றைச் சோதித்தல்

மண் மாதிரியை நீரில் கலக்கிச் சூடேற்றினால் வித்தற்ற பாக்டீரியாக்கள் அழிந்து, வித்துகள் எஞ்சும். பின்னர் பிற பாக்டீரியாக்களைத் தடுக்கும் தனி ஊடகத்தில் அவை வளர்க்கப்படுகின்றன. பழைய தோல், அழுகிய திசு ஆகியவற்றில் உயிருள்ள கிருமி இல்லாதபோதும் அதன் உடற்காப்பு ஊக்கியை (ஆன்டிஜென்) கண்டறிய, 1911இல் உருவாக்கப்பட்ட அஸ்கோலி சோதனை பயன்படுகிறது.

வேறுபடுத்தி அறிய வேண்டியவை

கரிசல் பகுதியில் கால்நடைகளின் திடீர் இறப்பிற்குப் பிற காரணங்களும் உள்ளன.

• தொண்டை அடைப்பான்: மாடு, எருமைகளில் தொண்டை வீக்கம். இரத்தப் பூச்சில் இரு முனைகளிலும் சாயம் ஏற்ற சிறு கோல்கள் தெரியும்.
• சப்பை நோய்: கிளாஸ்டிரிடியம் சோவியை என்னும் பாக்டீரியாவால் வருவது. நல்ல ஊட்டமுள்ள இளம் மாடுகளின் தொடை, சப்பைப் பகுதிகளில் வீக்கம் தோன்றும். அழுத்தினால் நறநறவென்று ஒலிக்கும்.
• துள்ளுமாரி: கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் பாக்டீரியாவின் நச்சால் வருவது. மழைக்குப்பின் இளம்புல்லை மிகுதியாக மேய்ந்த ஆடுகளில் காணப்படும்.
• சோளப்பயிர் நச்சு: இளம் சோளப்பயிரையோ, மழையின்றி வாடிய பயிரையோ மேய்வதால் ஏற்படும் சயனைடு நச்சு. இதில் இரத்தம் கரியதாக இல்லாமல் ஒளிர்சிவப்பாக இருக்கும்.
• இடி தாக்குதல், பாம்புக்கடி.

இவற்றுள் சிலவற்றை உறுதிசெய்ய உடலை அறுக்க வேண்டியிருக்கும். ஆகவே முதலில் காதிரத்தப் பூச்சில் அடைப்பான் இல்லை என அறிந்த பின்னரே பிணக்கூறாய்வு மேற்கொள்ளப்படுகிறது.

மனிதரில் அடைப்பான்

மனிதரில் காணப்படும் நோயில் 95 விழுக்காட்டிற்கு மேல் தோல்வகையாகும். இறந்த விலங்கை உரித்தவர், வெட்டியவர் ஆகியோரின் கை, முகம், கழுத்து ஆகிய இடங்களில் சிறு கொப்புளம் தோன்றி, சில நாட்களில் கரிய பொருக்குள்ள புண்ணாக மாறும். புண்ணில் வலி இராது. எனவே பலர் மருத்துவரை நாடுவதில்லை. சிகிச்சை இன்றேல் 10 முதல் 20 விழுக்காட்டினர் இறக்கக்கூடும். உரிய எதிருயிரி மருந்து கொடுத்தால் இறப்பு மிக அரிது. நன்கு வேகாத இறைச்சியை உண்பதால் குடல்வகையும், வித்துகளைச் சுவாசிப்பதால் நுரையீரல்வகையும் ஏற்படுகின்றன. இவை இரண்டும் மிகவும் ஆபத்தானவை. மூளையுறை அழற்சியும் ஏற்படக்கூடும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அண்டைப் பகுதிகளிலிருந்து வந்த இத்தகைய நோயாளிகளைப் பற்றி 1990களில் ஆய்வுகள் வெளியிட்டனர்.

இறக்கும் நிலையிலுள்ள ஆட்டை அறுத்து இறைச்சியையாவது விற்றுவிடும் பழக்கம் ஏழை மேய்ப்பரின் இழப்பைச் சிறிது குறைப்பதுபோல் தோன்றினாலும், அறுத்தவரையும் உண்டவரையும் மேய்ச்சல் நிலத்தையும் ஒருங்கே ஆபத்துக்கு உள்ளாக்குகிறது.

தடுப்பும் கட்டுப்பாடும்

உறையற்ற ஸ்டெர்ன் வகைக் கிருமியின் உயிருள்ள வித்துகளைக் கொண்ட தடுப்பூசி கால்நடைகளுக்குப் பயன்படுகிறது. நோய் கண்ட பகுதிகளில் ஆண்டிற்கு ஒருமுறை, நோய்ப்பருவத்திற்கு முன்னர் இது போடப்படுகிறது. தமிழ்நாட்டில் இராணிப்பேட்டையிலுள்ள கால்நடை நோய்த்தடுப்பு மருத்துவ நிலையம் இதனைத் தயாரிக்கிறது. இந்நிலையம் 1932இல் நிறுவப்பட்டது. தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா ஆதலால், அதே வேளையில் எதிருயிரி மருந்து கொடுத்தால் தடுப்பூசி பயனற்றதாகிவிடும்.

இறந்த உடலை அவ்விடத்திலேயே எரித்தல் சிறந்தது. இயலாதபோது, நீர்நிலைகளுக்குத் தொலைவில், தோலுரிக்காமல் ஆழமாகப் புதைத்து, குழியைச் சுற்றி வேலியிட வேண்டும். குழியில் சுட்ட சுண்ணாம்பு இடும் வழக்கம் பரவலாக உள்ளது. ஆனால், கால்சியம் வித்துகள் நிலைத்திருக்கத் துணைபுரியக்கூடும் என்பதால் உலக சுகாதார நிறுவனத்தின் 2008ஆம் ஆண்டு வழிகாட்டி இதனைப் பரிந்துரைப்பதில்லை. வித்துகளை அழிக்க ஃபார்மலின் போன்ற வேதிப்பொருட்கள் பயன்படுகின்றன.

விலங்குகளின் தொற்று மற்றும் பரவும் நோய்கள் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2009இன் அட்டவணையில் அடைப்பான் இடம்பெற்றுள்ளது. ஐயம் எழுந்தவுடன் விலங்கின் உரிமையாளர் அதனைக் கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவித்தல் கடமையாகும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தின் உதவி மருத்துவர் மாதிரி எடுக்க, மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு ஆய்வை மேற்கொள்கிறது. பெங்களூரிலுள்ள தேசியக் கால்நடை நோய்ப்பரவியல் மற்றும் நோய்த்தகவலியல் நிறுவனம் அடைப்பான் உள்ளிட்ட நோய்களுக்கு முன்னறிவிப்புகளை வெளியிடுகிறது.

வரலாறு

1876இல் ராபர்ட் கோக் இக்கிருமியின் வாழ்க்கைச் சுழற்சியை விளக்கினார். ஒரு குறிப்பிட்ட நோய்க்கு ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாவே காரணம் என முதன்முதலாக நிறுவப்பட்டது இந்நோயில்தான். பிரான்சில் ஆடுகள் தொடர்ந்து இறந்த வயல்களைச் சபிக்கப்பட்ட வயல்கள் என்றனர். அங்குப் புதைக்கப்பட்ட உடல்களிலிருந்து வித்துகளை மண்புழுக்கள் மேலே கொண்டுவருவதாக லூயி பாஸ்ச்சர் கருதினார். 1881இல் புய்யி-லெ-ஃபோர் என்னுமிடத்தில் மக்கள் முன்னிலையில் அவர் நடத்திய சோதனையில், தடுப்பூசி போடப்பட்ட ஆடுகள் பிழைத்தன, போடப்படாதவை இறந்தன. 1930களில் தென்னாப்பிரிக்காவில் மாக்ஸ் ஸ்டெர்ன் உருவாக்கிய கிருமிவகையே இன்றைய கால்நடைத் தடுப்பூசிகளில் பெரும்பாலானவற்றிற்கு அடிப்படையாகும்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், ஸ்காட்லாந்தின் குருயினார்டு தீவில் பிரித்தானியர் இக்கிருமியை ஆயுதமாகச் சோதித்தனர். 1986இல் ஃபார்மால்டிகைடு கொண்டு தூய்மை செய்யப்பட்ட பின்னர், 1990இல்தான் அத்தீவு பாதுகாப்பானதென அறிவிக்கப்பட்டது. 2001இல் அமெரிக்காவில் அஞ்சல் உறைகளில் அனுப்பப்பட்ட வித்துகளால் 22 பேர் நோயுற்றனர். அவர்களில் 5 பேர் இறந்தனர். 2016இல் உருசியாவின் யமால் தீபகற்பத்தில் கடும் வெப்பத்தில் உறைமண் உருகியபோது பரவிய நோயால் 2,000க்கும் மேற்பட்ட துருவமான்கள் மாண்டன.

இவற்றையும் பார்க்க

• தொண்டை அடைப்பான்
• சப்பை நோய்
• துள்ளுமாரி நோய்
• கரிசல் மண்
• வேம்பூர் ஆடு
• லூயி பாஸ்ச்சர்