சேலம் சமவெளியில் தொழுகை ஒழுங்கு

சேலம் பகுதிப் பள்ளிவாசல்களின் தொழுகை முறை பெரும்பாலும் ஹனஃபி மத்ஹப் என்னும் சட்டநெறியைச் சார்ந்தது. இங்கு வாழும் உருது பேசும் குடும்பங்களும் தமிழ் பேசும் ராவுத்தர்களும் அம்மத்ஹபினர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபி முறை வேரூன்றியது. சேலமோ 1792இல் கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சிக்குப் போகும்வரை மைசூர் அரசின் கீழ் இருந்தது. திருமணிமுத்தாற்றங்கரை ஜாமியா மஸ்ஜிதில் மைசூர் மன்னர் திப்பு சுல்தான் தொழுதார் என்பது ஊர் வழக்கு.

கடலோர வணிகர் ஒருவர் சேலத்தின் அஸ்தம்பட்டிக்கு வந்தால் வேறுபாடு உடனே தெரியும். பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பாங்கு தாமதமாக ஒலிக்கும். ஷாஃபி முறையில் பொருளின் நிழல் ஒரு மடங்கானதும் அஸர் தொடங்க, ஹனஃபியர் இரு மடங்காகும்வரை காத்திருப்பர். தொழுகையில் அந்த வணிகர் நெஞ்சுக்குக் கீழே கை கட்டி உரக்க ஆமீன் சொல்ல, பக்கத்தில் நிற்பவர் தொப்புளுக்குக் கீழே கட்டி மெல்லச் சொல்வார்.

தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும் (உறுப்புகளைக் கழுவும்) ஹவுள் என்னும் குளத்தின் அளவைக்கூட மத்ஹபுதான் முடிவு செய்தது. பத்து முழத்துக்குப் பத்து முழம் பரப்புள்ள நீரை ஹனஃபி சட்டம் ஓடும் நீராகக் கருதுகிறது. நிறமோ சுவையோ மணமோ மாறாதவரை அது அசுத்தமாகாது. பழைய பள்ளிகளின் சதுரக் குளங்கள் இந்தக் கணக்கில் அமைந்தவை.

இவையெல்லாம் புற ஒழுங்கு; தொழுகையில் வேண்டிய உள்ளச்சமோ மனத்தின் காரியம். சட்ட நூல்கள் அதை உடலின் நிதானத்தில்தான் பிடிக்க முயன்றன. அவசரமாகத் தொழுதவரை நபிகள் நாயகம் திரும்பத் தொழச் சொன்ன ஹதீஸ் அதற்கு அடிப்படை. ருகூவிலும் ஸஜ்தாவிலும் உறுப்புகள் அமைதி கொள்வது ஷாஃபியருக்கு ஃபர்ளு (கட்டாயம்), ஹனஃபியருக்கு அதற்கு அடுத்த நிலையான வாஜிபு. ஜமாஅத் தொடங்கிவிட்டாலும் ஓடி வரக்கூடாது. பச்சை வெங்காயம், பூண்டு தின்ற வாயோடு வரக்கூடாது. தொழுபவரின் முன்னால் குறுக்கே நடக்கக்கூடாது. பார்வை ஸஜ்தா செய்யும் இடத்தில் நிற்க வேண்டும்.

ஓதுவது விளங்காமல் மனம் எப்படி ஒன்றும் என்ற கேள்வி பழையது. இமாம் அபூஹனீஃபா முதலில் தொழுகையில் பாரசீக மொழியில் ஓத இடமளித்து, பின்னர் அக்கருத்தைக் கைவிட்டார் என்பர். தமிழகத்தில் ஓதல் அரபியிலேயே நிற்க, விளக்கம் தமிழுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் தொழுகைச் சட்டங்களை அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் எழுதினார். குர்ஆன் தமிழாக்கத்தின் முதல் பகுதியை அப்துல் ஹமீது பாகவி 1929இல் வெளியிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவின் உரையான குத்பா தமிழில் வேண்டும் என்று ‘தாருல் இஸ்லாம்’ இதழாசிரியர் பா. தாவூத் ஷா வாதாடினார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது.

1980களுக்குப் பின் சீர்திருத்த இயக்கங்கள் எழுப்பிய சர்ச்சைகளோ தொப்பி, விரலசைப்பு, கூட்டு துஆ பற்றியவை. பொருளுணர்வைவிட உறுப்புகளே அதிகம் பேசப்பட்டன. தொழுகையின் இருப்பில் ‘லா இலாஹ இல்லல்லாஹ்’ சொல்லும்போது ஹனஃபியர் ‘லா’ என்கையில் விரல் உயர்த்தி ‘இல்லல்லாஹ்’வில் தாழ்த்துவர், ஷாஃபியர் ‘இல்லல்லாஹ்’வில்தான் உயர்த்துவர், புதிய தரப்பினர் தொடர்ந்து அசைப்பர்.

தொழுகைக்கு நடுவே கைப்பேசி ஒலிப்பது இன்றைய தொல்லை. பார்ப்பவர் ‘இவர் தொழவில்லை’ என்று எண்ணும் அளவுக்கு அசைந்தால் தொழுகை முறியும் என்பது ஹனஃபி நூல்களின் பழைய அளவுகோல். அதன்படி, ஒரு கையால் சட்டென அணைத்துவிட்டால் தொழுகை கூடும். எடுத்து யார் அழைத்தது என்று பார்த்துக்கொண்டிருந்தால் மீண்டும் தொழ வேண்டும்.