பாஸ் லினக்ஸ்: மூல வட்டு தேவைப்படாத இயங்குதளம்
பாஸ் லினக்ஸ் என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய கட்டற்ற இயங்குதளம் ஆகும். இந்தியாவில் கட்டற்ற மென்பொருளைப் பரப்ப 2005-இல் தொடங்கப்பட்ட தேசிய வள மையத்தில், சி-டாக்குடன் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் இணைந்து பணியாற்றியது. பாஸின் முதற்பதிப்பு 2007-இல் வெளிவந்தது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸும் நிறுவித் தரப்பட்டது.

வணிக இயங்குதளம் பழுதானால், மீண்டும் நிறுவ மூல வட்டும் உரிமச் சாவியும் தேடி அலைய நேரிடும். அதுவரை மாணவரின் படிப்பு தடைபடும். பாஸின் நிறுவல் கோப்பையோ எவரும் இலவசமாகப் பதிவிறக்கி, பென் டிரைவில் எழுதி நிறுவலாம். நண்பருக்கும் படியெடுத்துத் தரலாம். லினக்ஸ் கருவுக்குரிய குனூ பொது உரிமம் படியெடுப்பதைக் குற்றமாக்காமல் உரிமையாக்குகிறது. நிறுவுமுன் பழைய கோப்புகளை வேறிடத்தில் சேமித்துக்கொள்ள வேண்டும்.