நோயாளியின் அருகிருந்து கற்கும் கல்வி

நம் மஹல்லாவில் செவிலியர் கல்வி பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் நம்மிடம் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: “ஹஜ்ரத், படிப்பு முடிந்த கையோடு டயாலிசிஸ் பிரிவிலோ தீவிர சிகிச்சைப் பிரிவிலோ வேலை கிடைத்துவிடுமா?” விடை கூறுமுன் இக்கல்வி எங்கே வளர்ந்தது என்பதைச் சற்று நோக்குவோம்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு (கி.பி. 627) அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள், மதீனாப் பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்டார்கள். நம் ஊரை எடுத்துக்கொண்டால், ஸ்ரீரங்கம் கோயிலில் 13ஆம் நூற்றாண்டில், ஹொய்சளர் காலத்தில், ஓர் ஆரோக்கியசாலை இருந்தது. சிதைந்துபோன அதனை 1493இல் புதுப்பித்த செய்தியையும் கல்வெட்டு கூறுகிறது. அங்குள்ள தன்வந்திரி சந்நிதியை இன்றும் காணலாம். இதற்கும் முந்தியது காஞ்சிபுரம் பக்கத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு. வீரராசேந்திர சோழன் காலத்து அவ்வாதுலசாலையில் 15 படுக்கைகள். மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர் ஆகியோருடன் நோயாளரைக் கவனிக்கும் பெண்கள் இருவர். பதினைவர்க்கு இருவர் என்பது இன்றைய இரவுப்பணிச் செவிலியர் பலர் ஏங்கும் கணக்கு!

முறையான பயிற்சிப் பள்ளியை 1860இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் தொடங்கினார். மாணவியர் வார்டிலேயே வேலை செய்து கற்றனர். 1871இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பயிற்சி தொடங்கிற்று. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909இல் உருவான பள்ளி, 1946இல் பட்டம் வழங்கும் கல்லூரியாயிற்று. கல்லூரி என்ற பெயர் வந்தபின்னும் அது மருத்துவமனையை விட்டு விலகவில்லை.

திருச்சியில் இவ்வசதிக்குக் குறைவில்லை. புத்தூர் அரசு மருத்துவமனை 1997 முதல் கி.ஆ.பெ. விசுவநாதம் மருத்துவக் கல்லூரியோடு இணைந்துள்ளது. 1934இல் தோன்றிய ஜோசப் கண் மருத்துவமனை ஒரே துறைக்கு உரியது. முதலாவதில் பல்வகை நோயும் விபத்தும் கண்டவரே இரண்டாவது போன்ற இடத்தில் தடுமாறாமல் நிற்பர் என்பது நம் கருத்து. டயாலிசிஸ் இயந்திரத்தை இயக்கப் பழகிக்கொள்ளலாம். ஆனால் இரத்த அழுத்தம் சரிந்து நோயாளி வியர்க்கத் தொடங்கும்போது அதனை முந்தி அறியும் கண், பொது வார்டில் பல இரவுகள் விழித்தவர்க்கே வாய்க்கும்.

விதிகளும் இதையே ஒட்டியவை. இந்திய நர்சிங் கவுன்சில், பயிற்சியில் 3 நோயாளிக்கு ஒரு மாணவர் என்ற விகிதத்தை வகுத்துள்ளது. முதுகலை நர்சிங்கில் சேரவும் ஓராண்டுப் பணியனுபவம் கேட்கப்படுகிறது. வளைகுடா மருத்துவமனைகள் பெரும்பாலும் 2 ஆண்டு அனுபவம் கேட்கின்றன. மாணவப் பருவத்துப் பயிற்சி அக்கணக்கில் சேராது. தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தபின் ஆற்றிய பணியே சேரும்.

ஆயினும் மாணவப் பருவத்தை வீணாக்கலாகாது. சில இடங்களில் வார்டுக்குச் செல்லாமலே பதிவேடு நிரப்பப்படுவதாகக் கேள்வியுறுகிறோம். ஆகவே கல்லூரியில் சேர்க்குமுன் கட்டணத்தை மட்டும் விசாரியாமல், எந்த மருத்துவமனையில் பயிற்சி, அங்கே எத்தனை படுக்கை, இரவுப்பணி உண்டா என்றும் பெற்றோர் கேட்கவேண்டும். படித்து முடித்தோர் ஓராண்டு பொது வார்டில் பணிபுரிந்து, பின் அதே மருத்துவமனையில் விரும்பிய சிறப்புப் பிரிவுக்கு மாற்றம் கேட்கலாம். விலகும் நாளில் பெறும் அனுபவச் சான்றிதழில் பிரிவின் பெயரும் தொடக்க, இறுதித் தேதிகளும் உள்ளனவா என்பதை அங்கேயே பார்த்து வாங்கிவிடுக. பின்னர் அலைவது கடினம்.