சதீஷ் தவானின் தலைமைப் பண்பு
பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்துகொண்டே 1972இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைமையை ஏற்று, 1984 வரை அதை வழிநடத்திய சதீஷ் தவான் (1920–2002), பதவி அதிகாரத்தை, அதாவது பொறுப்பின் வழியே ஒருவருக்குக் கிடைக்கும் ஆணையிடும் உரிமையை, தம் குழுவினருக்குக் கேடயமாக்கியவர். 1979 ஆகஸ்டு 10 அன்று முதல் எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் வங்கக் கடலில் விழுந்தபோது, திட்ட இயக்குநர் அப்துல் கலாமை முன்னிறுத்தாமல் தாமே செய்தியாளர்களைச் சந்தித்துத் தோல்விக்குப் பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18 அன்று அவ்வகை ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோதோ கலாமையே பேசச் செய்தார். பழியைத் தலைவரும் புகழைக் குழுவும் ஏற்ற இம்முறையே, அஞ்சாமல் மீண்டும் முயலும் துணிவைப் பொறியாளர்களுக்குத் தந்தது எனலாம். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு 2002இல் தவானின் பெயர் சூட்டப்பட்டது.