‘ஆப்ட் ஃபார்’: ஆறு மாதக் கெடு

ஆங்கிலத்தில் ‘ஆப்ட் ஃபார்’ என்றால் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. ‘ஆப்ட் அவுட்’ என்றால் வேண்டாமென்று விலகிக்கொள்வது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சின் ‘ஒப்தே’யிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. அதற்கும் மூலம் லத்தீன் ‘ஒப்தாரே’. விரும்புவது, தேர்ந்தெடுப்பது என்று அதற்கு இரண்டு பொருளும் உண்டு. எங்கள் இருக்கன்குடி மாரியம்மன் கோவிலில் ‘வேண்டுதல்’ என்கிறோமே, அதிலும் விருப்பமும் கோரிக்கையும் சேர்ந்தே இருக்கின்றன.

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த எங்கள் தலைமுறைக்கு இது வெறும் அகராதிச் சொல் அல்ல. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் இந்திய நிர்வாகத்துக்கு வந்தன. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடைமுறைக்கு வந்தது. அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள் அன்று முதல் இந்தியர். பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பதினெட்டு வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளுக்கு அப்பாவின் முடிவுதான் முடிவு. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சித்தப்பா எழுதிக் கொடுத்தார்; அப்பா கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு நாடு. சித்தப்பா பிள்ளைகள் பிரான்சுக்குப் போனார்கள். நான் இங்கே அரசு எழுத்தர் ஆனேன். அப்பாவுக்கு அதில் வருத்தமில்லை, எனக்கும் இல்லை.

கெடு முடியும்வரை பேசாமல் இருந்தால் அதுவும் ஒரு பதில்தான். பிற்காலத்தில் அலுவலகத்தில் சம்பளக் கமிஷன் ‘ஆப்ஷன்’ படிவம் வரும்போதெல்லாம், “கடைசித் தேதியை முதலில் பாருங்கள்” என்று இளையவர்களிடம் சொல்வேன்.