பூரண சூரிய கிரகணத்தை எங்கே, எப்படிப் பார்ப்பது?

2010 ஜனவரி 15 அன்று வடக்கில் தெரிந்த சூரிய கிரகணத்தை வவுனியாவில் முகாமுக்குள் இருந்துதான் பார்த்தேன். கிரகணக் கண்ணாடி ஒருவரிடமும் இல்லை. மதியம் வெயில் மங்கத் தொடங்கியபோது, தறப்பாள் ஓட்டைகளால் அம்மாவின் பாயில் விழுந்த வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் பிறைகளாக மாறியிருந்தன. சிறு துளை ஒவ்வொன்றும் சூரியனின் உருவத்தைக் கீழே விழுத்தும். வெளியே சிலர், காயக்காரர்களிடம் இருந்த எக்ஸ்ரே படங்களைக் கண்ணில் பிடித்து நேரே பார்த்தார்கள். அது பெரும் பிழை. விழித்திரைக்கு வலி தெரியாது. கண் பழுதானது சில மணித்தியாலம் கழித்துப் பார்வை மங்கும்போதுதான் தெரியவரும். புகை பிடித்த கண்ணாடி, சீடி, கறுப்புக் கண்ணாடி ஒன்றும் உதவாது.

அன்று வந்தது வளையக் கிரகணம். சுனாமியின் பதினைந்தாம் ஆண்டு நினைவு நாளான 2019 டிசம்பர் 26 இல் வந்ததும் அதுவே. சந்திரன் சூரியனை முற்றாக மறைக்கும் பூரண கிரகணம் இலங்கையில் கடைசியாகத் தெரிந்தது 1955 யூன் 20 இல். இனிப் பார்ப்பதென்றால் வெளியே போகவேண்டும்.

2027 ஓகஸ்ட் 2 இல் எகிப்தின் லக்சர் பகுதியில் ஆறு நிமிடத்துக்கு மேல் இருள் நீடிக்கும். அங்கே அந்த மாதம் மேகம் அரிது. ஆனால் எங்கள் சனத்துக்குக் கிட்டியது 2028 யூலை 22, சனிக்கிழமை, சிட்னி. அந்த நகரம் 1857 க்குப் பிறகு காணும் முதல் பூரண கிரகணம் அது. பிற்பகல் இரண்டு மணியளவில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் இருள் இருக்கும். மறுநாள் கறுப்பு யூலை நினைவு நாள் என்பதால் அங்கே பலர் எப்படியும் ஒன்றுகூடுவார்கள். மெல்பேர்னில் இருப்பவர்கள் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று எண்ணவேண்டாம், அங்கே பகுதிக் கிரகணம்தான். சூரியனில் நூற்றில் ஒரு பங்கு மிஞ்சினாலும் இருள் வராது. பயணம் செய்வதுதான் வழி.

அங்கே அது குளிர்காலம். சூரியன் வடமேற்குப் பக்கம் தாழ்வாக நிற்கும். அந்தத் திசையில் கட்டடமோ மரமோ மறைக்காத வெளியான இடத்தை முதல் நாளே அதே நேரத்துக்குப் போய்ப் பார்த்து வையுங்கள்.

ஐ.எஸ்.ஓ. 12312-2 தரம் உள்ள கண்ணாடியைத் தொடக்கம் முதல் போட்டிருக்க வேண்டும். கீறல் விழுந்திருந்தால் எறிந்துவிடுங்கள். சூரியன் முற்றாக மறைந்த பிறகு மட்டும் கழற்றலாம். அப்போது கரிய வட்டத்தைச் சுற்றி வெள்ளொளி தெரியும், வெள்ளி முதலிய கோள்களும் தெரியலாம். படம் எடுக்கிறேன் என்று அந்த நிமிடங்களைப் போக்கடிக்காதீர்கள். ஓரத்தில் வெளிச்சப் பொட்டு ஒன்று மின்னியதும் கண்ணாடி மறுபடி கண்ணுக்கு வரவேண்டும்.

பயணம் சரிவராதவர்களுக்கு 2031 மே 21 இல் எங்கள் வடபகுதிக்கே இன்னொரு வளையக் கிரகணம் வருகிறது. வளையக் கிரகணத்தில் ஒரு கணமும் வெறும் கண்ணால் பார்க்கக்கூடாது. கண்ணாடி கிடைக்காவிட்டால் பிஸ்கட் பெட்டி மட்டையில் குண்டூசியால் துளையிட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, வெள்ளைத் தாளில் விழும் உருவத்தைப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் அப்படியே காட்டலாம்.